கண்டம்

சாகேத் கோர்ட், மூன்றாம் மாடி, ஜனவரி.
மாஜிஸ்ட்ரேட்டின் காலடியில் மட்டும் ஒரு ஹீட்டர்.
மொழிபெயர்க்க என்னைக் கூப்பிட்டிருந்தார்கள்.
நாளுக்கு எழுநூறு ரூபாய், ஆட்டோ என் செலவு.

பூங்காவனம். வயது நாற்பத்தாறு.
ஊர் திருக்கோவிலூர்ப் பக்கம்.
தில்லிக்கு வந்து பதினெட்டு வருஷம் என்றாலும்
அவளிடம் இருப்பது சமையலறை ஹிந்தி,
கோர்ட் ஹிந்திக்கு நான்.
ஆறு வெள்ளி ஸ்பூனில் ஒன்று குறைகிறது,
அதனால் இங்கே நிற்கிறாள்.

கோச்சர் அம்மா சாட்சி சொன்னார்:
"ஒன்பது வருஷம். எங்கள் வீட்டு மனுஷி மாதிரியே
வைத்திருந்தோம்."
அதைத் தமிழில் சொல்லி வாய் மூடவில்லை நான்,
பூங்காவனம் சிரித்துவிட்டாள்.

மூன்று நாள் தண்ணீர் வராத குழாயைத் திறந்தால்
முதலில் இருமுமே,
அப்படி இருமி, பிறகு கொட்டிய சிரிப்பு.
டைப்பிஸ்ட் கூடத் திரும்பிப் பார்த்தான்.

மாஜிஸ்ட்ரேட் பேனாவை மூடினார்.
ஒரே சொல்: கன்டெம்ப்ட்.
"என்னவென்று அவளுக்குச் சொல்லுங்கள்."

நான் சொல்வதற்குள் அவள் கேட்டாள்:
"கண்டமா? எனக்கா?
தண்ணியிலயா நெருப்புலயா?"

அவமதிப்பு என்று சொல்லலாம்,
சட்டப் புத்தகத்தில் கஞ்சி போட்டு மடித்து வைத்த சொல்.
இகழ்ச்சியைப் பள்ளிக்கூடத்தோடு விட்டாயிற்று.
ஏளனத்துக்குக் கொஞ்சம் சிரிப்பு வேண்டும்,
துச்சத்துக்கு அந்தச் செலவும் இல்லை.
இளக்காரமோ, நீ இளகினாய் அதனால் வந்தது என்று
பட்டவள் தலையிலேயே கட்டிவிடும்.

ஆங்கிலத்தில் இதன் வாலைப் பார்த்துப் பிடிக்க வேண்டும்.
'ஆஃப்' என்று முடிந்தால் கோர்ட்,
ஆறு மாதம் வரை உள்ளே வைக்கலாம்.
'ஃபார்' என்று முடிந்தால் அது அவரவர் மனசு,
எந்தப் போலீசும் வராது.

சிங்குக்கு அடியில், பினாயில் பாட்டிலுக்குப் பக்கத்தில்,
கைப்பிடி போன ஒரு கப்.
சர்வீஸ் லிஃப்ட் ஓடாத அன்று
பெரிய லிஃப்ட் காலியாக ஏறி இறங்க
ஏழு மாடி, பத்து கிலோ ஆட்டா.
காய்ச்சலில் படுத்த நாலு நாளுக்குச் சம்பளம் பிடித்தது,
ஐந்தாம் நாள் "நடிப்பு முடிந்ததா" என்றது.
வராந்தாவில் சுவரைப் பார்த்துக்கொண்டு
என்னிடம் சொன்னாள் இதையெல்லாம்.
வழக்குக் கட்டில் ஒன்றும் இல்லை.
எல்லாம் 'ஃபார்'.

"ஐயா முன்னாடி சிரிக்கக் கூடாதாம்" என்றேன்.
இவ்வளவுதான் சொன்னேன், அந்தச் சொல்லுக்கு.

"வந்துடுச்சி, நான் என்னா பண்ண?
இதச் சொல்றப்ப அந்த அம்மாவுக்கு
எப்படிச் சிரிப்பு வரல, அத கேளு நீ."

நல்ல கேள்வி.
கேட்டிருக்கலாம்.
மணி ஒன்றே கால், மாஜிஸ்ட்ரேட்டுக்குப் பசி,
எனக்கும் பட்டியாலா ஹவுஸில் இரண்டரைக்கு இன்னொரு வழக்கு.

ஹிந்தியில் சொன்னேன்:
"மாஃபி கேட்கிறாள் சார். அன்பட் பெண்."

பேனா திறந்தது.
"இனி நடக்கக் கூடாது." அடுத்த தேதி பிப்ரவரி பத்தொன்பது.

மாஃபி, அன்பட்,
இரண்டும் சமையலறையில்
உப்பை விட அதிகமாகப் புழங்கும் சொற்கள் என்பது
சொன்ன பிறகுதான் எனக்கு உறைத்தது.

பூங்காவனம் என் பக்கம் திரும்பினாள்.
திட்டவில்லை.
இடது மூக்கோரம் லேசாக ஏறி
இறங்கியது, ஈ உட்கார்ந்து போன மாதிரி.
பிறகு முக்காட்டைச் சரிசெய்துகொண்டு
படியிறங்கப் போனாள்.
கன்டெம்ப்ட். 'ஃபார்' போட வேண்டிய இடம்.

கீழே குமாஸ்தா வவுச்சரை நீட்டினான்.
'உள்ளதை உள்ளபடி மொழிபெயர்த்தேன்'
என்று ஏற்கெனவே அச்சடித்திருந்தது.
என் பேனா குளிரில் எழுதவில்லை.
கோச்சர் அம்மாவின் வக்கீல் தன்னுடையதைக் கொடுத்தார்.